வெள்ளை ஈயைப் பிடிக்கும் மஞ்சள் தகடு: பசை சரியாக இருந்தால்தான் பலன்

வெண்டை, கத்தரி, தக்காளி, உளுந்து, பருத்தி ஆகிய பயிர்களைச் சாகுபடி செய்யும் விவசாயிகளுக்கு வெள்ளை ஈயைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. செடியை லேசாகத் தட்டினால் சாம்பல் பறப்பது போலக் கூட்டமாக எழும்பி, சற்று நேரத்தில் மறுபடியும் இலையின் அடிப்புறம் போய் உட்கார்ந்து கொள்ளும். நீளம் ஒரு மில்லி மீட்டர்தான். ஆனால் இது செய்யும் சேதம் பெரிது.

வெள்ளை ஈ இலையின் சாற்றை உறிஞ்சுகிறது. இதனால் செடி வெளிறி, வளர்ச்சி குன்றிப் போகிறது. இது வெளியேற்றும் தேன் போன்ற கழிவு கீழ் இலைகளில் படிந்து, அதன்மேல் கரும்பூசணம் வளர்கிறது. எல்லாவற்றையும்விட மோசமானது, இது பரப்பும் வைரஸ் நோய்கள். வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல், உளுந்து, பாசிப்பயறில் மஞ்சள் தேமல், தக்காளியில் இலைச்சுருள் ஆகியவை வெள்ளை ஈயால் பரவுபவை. நோய் கண்ட செடியில் சாறு குடித்த ஈ, பல நாட்கள் வரை நல்ல செடிகளுக்கு நோயைக் கொண்டு சேர்க்கும். நோய் வந்த செடியை எந்த மருந்தாலும் மீட்க முடியாது.

இந்த ஈயைப் பிடிக்க மஞ்சள் ஒட்டுப்பொறி வைக்கும்படி வேளாண்மைத் துறையும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகமும் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. பலர் வைக்கவும் செய்கிறார்கள். ஆனால் வைத்த பத்தாம் நாள் போய்ப் பார்த்தால், பல தோட்டங்களில் தகடு புழுதி படிந்து, காய்ந்து, வெறும் தகடாகத் தொங்கிக் கொண்டிருக்கும். "பொறி வைத்தேன், பலன் இல்லை" என்று சொல்பவர்களில் பலர் பசையைக் கவனிக்காமல் விட்டவர்கள். மஞ்சள் நிறம் ஈயை வரவழைக்க மட்டுமே செய்யும். வந்த ஈயைப் பிடித்து வைப்பது பசைதான்.

மஞ்சள் நிறம் ஏன்?

வெள்ளை ஈ இளந்தளிரைத் தேடி வரும் பூச்சி. தளிர் இலையின் இளமஞ்சள் கலந்த பச்சை நிறம் அதன் கண்ணை இழுக்கிறது. பளிச்சென்ற மஞ்சள் தகடு, தளிரைவிடக் கூடுதலாக இழுக்கிறது. அசுவினி, தத்துப்பூச்சி, இலைத்துளைப்பான் ஈ ஆகியவையும் மஞ்சளுக்கு வரும். இலைப்பேனுக்கு நீல நிறம் ஏற்றது.

எலுமிச்சம்பழ மஞ்சளே நல்லது. காவி, ஆரஞ்சு, மங்கிய மஞ்சள் ஆகியவை அவ்வளவாக இழுப்பதில்லை. எனவே பூசும் பசை எதுவானாலும் மஞ்சள் நிறத்தை மறைக்காததாக இருக்க வேண்டும். பசையைத் தேர்ந்தெடுப்பதில் முதல் விதி இதுவே.

தகடு செய்யும் முறை

கடையில் கிடைக்கும் ஒட்டும் அட்டைகளை வாங்கலாம். கையில் பணம் குறைவாக இருப்பவர்கள் வீட்டிலேயே செய்து கொள்ளலாம். 15 கிலோ எண்ணெய் டின் ஒன்றின் நான்கு பக்கங்களையும் வெட்டினால், சுமார் 9 அங்குல அகலமும் 14 அங்குல உயரமும் உள்ள நான்கு தகடுகள் கிடைக்கும். மூன்று டின்னில் 12 தகடுகள். ஒரு ஏக்கருக்கு இது போதும். வெட்டிய ஓரங்களை மடக்கித் தட்டி விடுங்கள். இல்லாவிட்டால் கையைக் கிழிக்கும்.

தகட்டில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கைச் சாம்பல் அல்லது சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவிக் காய வைத்து, இரு பக்கமும் மஞ்சள் எனாமல் பெயிண்ட் இரண்டு தடவை அடிக்க வேண்டும். பெயிண்ட் நன்றாகக் காய இரண்டு நாள் விட வேண்டும். அரைகுறையாகக் காய்ந்த பெயிண்டின் மேல் எண்ணெய் தடவினால், பெயிண்ட் உரிந்து வந்துவிடும். மேல் ஓரத்தில் இரண்டு துளையிட்டு, கம்பியால் மூங்கில் குச்சியில் கட்டலாம். வெட்டாமல், ஒரு லிட்டர் காலி டின்களுக்கு அப்படியே மஞ்சள் அடித்து, குச்சியில் கவிழ்த்தும் வைக்கலாம்.

இன்னொரு வழியும் உண்டு. பெயிண்ட் காய்ந்த தகட்டின் மேல் நிறமில்லாத பாலிதீன் தாளைச் சுற்றி, பசையைத் தாளின் மேல் தடவுங்கள். ஈயும் தூசியும் நிறைந்ததும் தாளை மட்டும் மாற்றினால் போதும். தகட்டைத் தேய்த்துக் கழுவும் வேலை மிச்சம். கழற்றிய தாளை வரப்பில் வீசக்கூடாது. மாடு தின்றுவிடும்.

எதைப் பூசலாம்?

விளக்கெண்ணெய்: சிறு விவசாயிக்கு மிகவும் ஏற்றது இதுவே. கடலை எண்ணெய், நல்லெண்ணெய் ஆகியவற்றைவிட விளக்கெண்ணெய் சுமார் பத்து மடங்கு கெட்டியானது. அதனால் நிற்க வைத்த தகட்டில் உடனே வழிந்து விடாமல் தங்கும். ஆளிவிதை எண்ணெயைப் போல் காற்றுப் பட்டதும் காய்ந்து தோலாகிப் போவதும் இல்லை. நிறம் வெளிர் மஞ்சள். தகட்டின் நிறத்தைக் கெடுக்காது. செடியின் மேல் ஓரிரு சொட்டு விழுந்தாலும் பயமில்லை. வெள்ளை ஈயின் உடலும் இறகும் மெலிந்தவை. எண்ணெய்ப் படலத்தில் இறகு நனைந்ததுமே ஈ தப்ப முடியாது. ஆனால் வீட்டு ஈ, பழ ஈ போன்ற பருத்த ஈக்கள் விளக்கெண்ணெயிலிருந்து காலை உதறிக் கொண்டு போய்விடும்.

கிரீஸ்: விளக்கெண்ணெயைவிடக் கெட்டி. மழைக்கும் தாங்கும். ஆனால் வெளிர் நிறமுள்ள கிரீஸாகப் பார்த்து வாங்கி, தகட்டின் மஞ்சள் தெரியும்படி மிக மெல்லியதாகத் தேய்க்க வேண்டும். கறுப்பு அல்லது கரும்பழுப்பு கிரீஸைத் தடித்துப் பூசினால் மஞ்சள் மறைந்து, பொறி குருடாகிவிடும்.

வாசலின்: நிறமில்லாதது, நன்றாக ஒட்டும். குளிர் மாதங்களுக்கு ஏற்றது. சித்திரை, வைகாசி வெயிலில் தகரம் சூடேறும்போது உருகி வழியும்.

கழிவு என்ஜின் ஆயில்: காசில்லாமல் கிடைக்கிறது என்று சிலர் இதைத் தடவுகிறார்கள். இது கூடாது. நிறம் கறுப்பு. மேலும் சொட்டுச் சொட்டாக வழிந்து இலையைக் கருக்கும், மண்ணையும் கெடுக்கும்.

வெல்லப்பாகு, மாவுப் பசை: இவை காய்ந்தால் ஓடாகி விடும், மழை பட்டால் கரைந்து விடும். எறும்பும் வரும். திறந்த வெளிக்கு உதவாது.

கடை அட்டைகள்: இவற்றில் எளிதில் காயாத செயற்கைப் பசை தடவப்பட்டிருக்கும். மேல் தாளை உரித்துவிட்டுத் தொங்க விட வேண்டியதுதான். சில வாரங்கள் வரை ஒட்டும். விலை கூடுதல் என்றாலும், அடிக்கடி தடவ ஆள் இல்லாதவர்களுக்கு உதவும்.

பூசும் விதம்

தடிமனாகப் பூசினால் அதிக நாள் ஒட்டும் என்று நினைப்பது சரியல்ல. அதிகப்படியான எண்ணெய் கீழே வழிந்து வீணாகும். ஒரு தகட்டின் இரு பக்கத்துக்கும் மூன்று, நான்கு தேக்கரண்டி விளக்கெண்ணெய் போதும். அந்தக் கணக்கில் 12 தகடுகளுக்கு ஒரு தடவைக்குக் கால் லிட்டர் இருந்தால் தாராளம். பெயிண்ட் பிரஷ்ஷாலோ பழந்துணியாலோ மேலிருந்து கீழாக ஒரே சீராக இழுத்து விடுங்கள்.

மாலை நேரத்தில் பூசுவது நல்லது. வெள்ளை ஈ அதிகமாகப் பறப்பது காலை வேளையில்தான். முதல் நாள் மாலை பூசி வைத்தால், மறுநாள் காலையில் பொறி புதுப் பசையோடு தயாராக இருக்கும்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை பூசுவது? நாட்காட்டியைப் பார்ப்பதைவிட விரலை வைத்துப் பார்ப்பதே மேல். தகட்டை விரலால் தொட்டு எடுத்தால் பிசுபிசுப்பு இழுபட வேண்டும். விரலில் மண் மட்டும் வந்தால் பசை போய்விட்டது என்று அறியலாம். விளக்கெண்ணெயைப் பொதுவாக வாரத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். ஆடிக் காற்றில் புழுதி பறக்கும் போதும், மண் சாலை, களத்துமேடு ஆகியவற்றை ஒட்டிய வயல்களிலும் மூன்று, நான்கு நாளைக்கு ஒரு முறை தேவைப்படும். பலத்த மழை பெய்தால் மழை விட்டதும், தகடு காய்ந்த பிறகு பூச வேண்டும். ஈரத் தகட்டில் எண்ணெய் ஒட்டாது.

பழைய பசையின் மேலேயே புதிதாகப் பூசிக் கொண்டு போகக் கூடாது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒரு முறை ஒற்றி எடுத்த பிறகே பூச வேண்டும். செத்த ஈக்கள் தகட்டை மூடிக் கொண்டிருந்தால் அடுத்து வரும் ஈக்களுக்கு மஞ்சளும் தெரியாது, ஒட்ட இடமும் இருக்காது.

எத்தனை பொறி, எந்த உயரம்?

ஈ நடமாட்டத்தைக் கண்டறிய மட்டும் என்றால் ஏக்கருக்கு 5 பொறிகள் போதும். ஈக்களைப் பிடித்துக் குறைக்கவும் வேண்டும் என்றால் 12 அல்லது அதற்கு மேல் வைக்கலாம். வயலின் நடுவில் மட்டும் வைக்காமல் ஓரங்களிலும் வையுங்கள். பக்கத்து வயலிலிருந்து வரும் ஈ முதலில் ஓரத்தில்தான் இறங்கும்.

பொறியின் அடி விளிம்பு பயிரின் நுனியை ஒட்டியோ, அரை அடி மேலேயோ இருக்க வேண்டும். பயிர் வளர வளரத் தகட்டையும் உயர்த்திக் கட்ட வேண்டும். நடவின்போது வைத்த உயரத்திலேயே விட்டுவிட்டால், ஒரு மாதத்தில் தகடு செடிக்குள் மறைந்துவிடும். இலைகள் உரசிப் பசையும் போய்விடும்.

வைரஸ் நோய் வரும் பயிர்களுக்கு நாற்றங்காலிலேயே, அல்லது விதைத்து முளைத்த உடனேயே பொறி வைத்துவிட வேண்டும். தேமல் கண்ட பிறகு வைப்பதால் பயன் குறைவு.

எண்ணிக் குறித்து வையுங்கள்

பொறியின் பெரிய பயன், பிடித்த ஈக்களின் எண்ணிக்கையை விட, அது சொல்லும் சேதியில் இருக்கிறது. வாரம் இரு முறை, குறிப்பிட்ட நாட்களில், ஐந்து தகடுகளில் ஒட்டியுள்ள வெள்ளை ஈக்களை எண்ணி ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். தகடு முழுவதையும் எண்ண முடியாவிட்டால், உள்ளங்கை அளவுள்ள ஒரு கட்டத்தைக் கோடு போட்டு வைத்து அதற்குள் உள்ளதை மட்டும் எண்ணலாம். எண்ணிய பிறகு அந்த இடத்தைத் துடைத்துப் புதிதாகப் பசை பூச வேண்டும். அப்போதுதான் அடுத்த கணக்கு சரியாக வரும். ஒரு தடவை பசை காய்ந்த தகட்டையும் மறு தடவை புதுப் பசைத் தகட்டையும் எண்ணினால், ஈ கூடியதா குறைந்ததா என்பதே தெரியாமல் போகும்.

எண்ணிக்கை வேகமாக ஏறினால் உடனே செடிகளைப் பாருங்கள். வயலில் அங்கங்கே சில செடிகளைத் தேர்ந்தெடுத்து, மேல், நடு, கீழ் இலைகளைத் திருப்பிப் பாருங்கள். இலையடியிலும் குஞ்சுகள் கூடியிருந்தால் மட்டும் மருந்தைப் பற்றி யோசிக்கலாம்.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1980-களின் நடுவில் ஆந்திர மாநிலத்தின் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் பருத்தியை வெள்ளை ஈ பெருமளவில் தாக்கியது. காய்ப்புழுவுக்காகச் செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளைத் திரும்பத் திரும்ப அடித்ததில், வெள்ளை ஈயைத் தின்னும் பூச்சிகள் மடிந்து, வெள்ளை ஈ பெருகியது அங்கு கண்ட பாடம். 2015-இல் பஞ்சாபிலும் வெள்ளை ஈ பருத்தியைப் பெரிதும் அழித்தது. மருந்து அடித்துக் கொண்டே இருந்தும் ஈ அடங்கவில்லை. தேவையில்லாமல் அடிக்கும் ஒவ்வொரு மருந்தும் கைக்காசைக் கரைப்பதோடு, அடுத்த மாதத்து ஈக்கும் வழி செய்கிறது. பொறிக் கணக்கைப் பார்த்து ஒரே ஒரு தெளிப்பைத் தவிர்த்தாலும், தகட்டுக்கும் விளக்கெண்ணெய்க்கும் செலவழித்த பணம் திரும்பிவிடும்.

பொறியால் முடியாதது

ஒட்டுப்பொறி பறக்கும் ஈயை மட்டுமே பிடிக்கும். முட்டையும் குஞ்சும் இலையின் அடியில் ஒட்டியபடியே இருக்கும். வெயில் காலத்தில் சுமார் மூன்று வாரத்தில் முட்டை ஈயாகிவிடும். ஒரு பெண் ஈ நூறு முட்டை வரை, சில சமயம் அதற்கு மேலும் இடும். ஆகவே பொறியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

வைரஸ் கண்ட செடிகளை ஆரம்பத்திலேயே பிடுங்கிப் புதைக்க வேண்டும். வரப்பிலுள்ள துத்தி போன்ற களைகளை அகற்ற வேண்டும். வயலைச் சுற்றி இரண்டு, மூன்று வரிசை மக்காச்சோளம் அல்லது சோளம் விதைத்தால் ஈ உள்ளே வருவது குறையும். உளுந்துக்கு வம்பன் 8 போன்ற, மஞ்சள் தேமலைத் தாங்கும் ரகங்களைத் தேர்ந்தெடுக்கலாம். ஈ கூடும்போது முதலில் 5 சத வேப்பங்கொட்டைச் சாற்றைத் தெளித்துப் பாருங்கள். இதற்கு 10 கிலோ வேப்பம்பருப்பை இடித்து ஓர் இரவு ஊற வைத்து, வடிகட்டி, 200 லிட்டராக்கி, சிறிது காதி சோப்புக் கரைசலும் சேர்த்து, இலையின் அடிப்புறம் நனையும்படி மாலையில் தெளிக்க வேண்டும். தெளிக்கும்போது சாறு பொறியில் படாமல் தகடுகளைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

பக்கத்து வயல்காரர்களும் சேர்ந்து பொறி வைத்தால் பலன் கூடும். ஈக்கு வரப்பு தெரியாது.

நல்ல பூச்சிகளையும் கவனியுங்கள்

பசை நல்லது கெட்டது பார்ப்பதில்லை. பொறிவண்டு, ஒட்டுண்ணிக் குளவி, தேனீ ஆகியவையும் சில சமயம் ஒட்டிக் கொள்ளும். தகட்டில் வெள்ளை ஈயைவிடப் பொறிவண்டுகள் அதிகமாக ஒட்டத் தொடங்கினால், சில நாட்களுக்குப் பொறிகளை எடுத்து வைத்துவிடுவது நல்லது. ஒட்டுண்ணி அட்டைகள் கட்டும் நாட்களிலும் பொறிகளை எடுத்துவிட வேண்டும். தேனீப் பெட்டிக்கு அருகில் வைக்க வேண்டாம். பலமான பசை தடவிய அட்டைகளில் சிறு குருவி, ஓணான், பல்லி ஆகியவை சிக்குவதுண்டு. அட்டையைச் சுற்றி அகலக் கண்ணுள்ள கம்பி வலை கட்டினால் இதைத் தவிர்க்கலாம்.

தென்னையில்

தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ, நம் நாட்டில் முதன்முதலாக 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் காணப்பட்டது. ஓலையின் அடிப்புறம் சுருள் சுருளாக முட்டையிடுவதால் இந்தப் பெயர். உயர்ந்த மரத்துக்கு மருந்து அடிப்பது செலவு; அடித்தாலும் தீமையே அதிகம். என்கார்சியா என்னும் சிறு குளவி இந்த ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அழித்து வருகிறது. மருந்து அடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான்.

தென்னந்தோப்புக்கு 5 அடி நீளம், 1½ அடி அகலமுள்ள மஞ்சள் பாலிதீன் தாள்களில் விளக்கெண்ணெய் தடவி, ஏக்கருக்கு 8 வீதம், 6 அடி உயரத்தில் கட்ட வேண்டும். இங்கும் விரல் சோதனையே வழி. ஓலையில் படிந்த கரும்பூசணத்தைப் போக்க, லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் வீதம் மைதா மாவைக் காய்ச்சிக் கரைத்துத் தெளிக்கலாம். வெயிலில் காய்ந்து உரியும்போது பூசணமும் சேர்ந்து உதிரும்.

மாட்டுக் கொட்டகை ஈக்கு

வீட்டு ஈ போன்ற பருத்த ஈக்களுக்கு விளக்கெண்ணெய் மட்டும் போதாது என்று மேலே பார்த்தோம். அதனுடன் பைன் மரப் பிசினான ரோசினைச் சேர்த்தால் பலமான பசை கிடைக்கும். ஈ ஒட்டும் தாள்கள் தொடக்க காலத்தில் இந்த இரண்டையும் வைத்தே செய்யப்பட்டன. எடையில் 8 பங்கு ரோசினுக்கு 5 பங்கு விளக்கெண்ணெய் சேர்த்து, வெட்டவெளியில், சிறு தீயில், கிளறியபடி உருக்க வேண்டும். கொதிக்க விடக் கூடாது, தீப்பற்றும். குழந்தைகளை அருகில் விட வேண்டாம். ஒரு சொட்டைக் குளிர்ந்த தகரத்தில் விட்டுப் பாருங்கள். கெட்டியாக உடைந்தால் எண்ணெயும், நீராக ஓடினால் ரோசினும் சிறிது சேர்க்கவும். இளஞ்சூட்டிலேயே பூசிவிட வேண்டும்.

தொங்கும் கயிறுகளில் உட்காருவது வீட்டு ஈக்குப் பழக்கம். ஆகவே இந்தப் பசையைச் சணல் கயிறுகளில் தடவிக் கொட்டகையின் ஓரத்தில் தொங்க விடலாம். மாட்டின் முதுகும் கொம்பும் படாத உயரத்தில் இருக்க வேண்டும். பால் கறக்கும் இடத்துக்கு மேலே கட்டக் கூடாது. சாணத்தை அன்றாடம் அள்ளாமல் கயிறு மட்டும் கட்டினால் ஈ குறையாது.

ஒட்டுப்பொறி ஒரு காவல்காரனைப் போன்றது. வாரம் ஒரு மாலை ஒதுக்கிப் பசையைப் புதுப்பித்து, இரு காலைகளில் எண்ணிக் குறித்து வந்தால், எப்போது மருந்து வேண்டும், எப்போது வேண்டாம் என்பதை உங்கள் வயலே உங்களுக்குச் சொல்லிவிடும். வரும் பட்டத்தில் வெண்டையோ உளுந்தோ விதைக்க இருக்கும் விவசாயிகள், விதை வாங்கும்போதே மூன்று காலி டின்னும் ஒரு லிட்டர் விளக்கெண்ணெயும் சேர்த்து வாங்கி வைத்துக் கொள்ளலாம்.